மூடி திறந்து வந்த பாட்டில்: பாரில் சரக்கில் தண்ணீர் கலந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் கல்யாணத்துக்காகக் காரைக்குடி வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் நாள் இரவு நான்கு பேராக ஒரு பாருக்குப் போயிருக்கிறார்கள். பணத்தைச் சப்ளையரிடம் கொடுக்க, அவர் இரண்டு ஆஃப் பாட்டில்களை மூடி திறந்தபடியே கொண்டுவந்து வைத்திருக்கிறார். நிறம் வெளிறி இருந்ததாம், குடித்தது ஏறவே இல்லையாம். தண்ணீர் கலந்திருப்பார்களா, அதற்குச் சட்டம் உண்டா, இல்லை ஊரில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார்.

தம்பி, ஏறவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வயிறு நிறையப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனால் நல்ல சரக்கும் மெதுவாகத்தான் வேலை செய்யும். நிறமும் பெரிய சாட்சி இல்லை. பிராந்திக்கும் ரம்முக்கும் நிறம் தருவது பெரும்பாலும் கருக்கிய சர்க்கரைதான். தண்ணீர் கலக்கத் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் டீ டிக்காஷனோ கருக்கிய சர்க்கரையோ சேர்க்கவும் தெரியும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறதே, மூடி திறந்து வந்தது என்று, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டத்துக்கும் அதுவே முக்கியம்.

நான் 27 வருடம் ஒரு மதுபான ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில்தான் இருக்கிறேன். ஆலையில் ஒவ்வொரு தொகுப்பிலும் ஆல்கஹால் 42.8 சதவீதத்துக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படி அனுப்பிய சரக்கு கடைசி இருபது அடி தூரத்தில், கவுண்டருக்கும் மேஜைக்கும் நடுவில், வேறொன்றாகிவிடுகிறது என்று கேள்விப்படும்போது வயிறு எரியும்.

அந்த இருபது அடியைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறைக் கடைகளை நடத்துவது அரசு நிறுவனமான டாஸ்மாக். கடையோடு ஒட்டியிருக்கும் பார் அப்படி இல்லை, டெண்டர் எடுத்த தனியாருடையது. அந்த டெண்டரில் அவருக்குக் கிடைக்கும் உரிமை இரண்டே இரண்டு. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில்களை எடுத்துக்கொள்ளலாம். சரக்கு விற்கும் உரிமை அவருக்குக் கிடையாது. சரக்கைக் கடைக் கவுண்டரில் நீங்களே சீல் உடையாமல் வாங்கி, பாரில் உட்கார்ந்து திறந்து குடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கூட்டத்தில் யார் வரிசையில் நிற்பது என்று பணத்தைச் சப்ளையர் கையில் கொடுக்கிறோம் பாருங்கள், அங்கேதான் ஓட்டை விழுகிறது. அவர் கவுண்டரிலிருந்து வாங்கி வந்தாரா, உள்ளே அடுக்கி வைத்ததிலிருந்து எடுத்து வந்தாரா என்பது நமக்குத் தெரியாது.

கடை திறப்பது பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் முழு விடுமுறை. காலை ஏழு மணிக்கும் அந்த விடுமுறை நாட்களிலும் பாரிலோ சந்திலோ கிடைக்கிற சரக்கு ஒன்றுகூட முறையாக வந்தது கிடையாது. தண்ணீர் அதிகம் கலப்பதும் அந்த நேரத்துச் சரக்கில்தான். கை நடுங்கிக்கொண்டு விடியற்காலையில் வந்து நிற்கிறவன் மூடியைப் பார்க்க மாட்டான், சண்டை போடவும் மாட்டான்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு ஆஃப் என்பது 375 மில்லி. அதிலிருந்து 75 மில்லியை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றினால் 42.8 சதவீதம் 34.2 ஆக இறங்கும். இப்படி ஐந்து பாட்டிலில் எடுத்தால் ஆறாவது ஆஃப் செலவில்லாமல் கிடைக்கிறது. குடிக்கிறவருக்குத் தெரியுமா? 60 மில்லி ஊற்றி 120 மில்லி தண்ணீர் சேர்த்துக் குடிக்கும்போது, நல்ல சரக்கு என்றால் டம்ளரில் 14 சதவீதம், கலந்தது என்றால் 11 சதவீதம். ஊறுகாயை நக்கிக்கொண்டு குடிக்கிற எந்த நாக்குக்கும் இந்த வித்தியாசம் பிடிபடாது. கலக்கிறவருக்கு அந்தத் தைரியம்தான்.

சரி, வீட்டில் சோதிக்க முடியுமா என்றால், நம் ஊரில் சொல்லும் எல்லாச் சோதனைகளையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். கரண்டியில் ஊற்றித் தீ வைத்தால் எரிய வேண்டும் என்பார்கள். குளிர்ந்த ஊரில் அதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. இங்கே சித்திரை வெயிலில் 30 சதவீதச் சரக்கும் பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், விஷமான மெத்தனாலும் நன்றாகவே எரியும், அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பாட்டிலைக் குலுக்கினால் வரும் முத்து முத்தான நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது பழைய சாராயக் காலத்துப் பழக்கம். அனுபவசாலிக்கு ஏதோ ஒரு யூகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு கருவி உண்டு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வீடுகள் இடிபடும்போது வரும் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி எல்லாம் அங்கே வந்து சேரும். பல வருடம் முன்பு அங்கே ஒரு சின்ன மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே வெல்வெட் பள்ளத்தில் ஒரு பித்தளை மிதவையும், அதில் மாட்டும் சின்னச் சின்ன எடைகளும். கடைக்காரர் அதை ஏதோ மருந்துக்கடைச் சாமான் என்று நினைத்திருந்தார். அது சைக்ஸ் ஹைட்ரோமீட்டர், சரக்கில் மிதக்கவிட்டு அதன் வீரியத்தை அளக்கும் கருவி. 1816-ல் இங்கிலாந்தில் சட்டப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கேயும் கலால்காரர்கள் கையில் இருந்த கருவி. இன்றும் பாட்டில் லேபிளில் 75 டிகிரி ப்ரூஃப், 25 டிகிரி யூ.பி. என்று போட்டிருக்கிறதே, அது அந்தக் காலத்துக் கணக்குதான். 57.1 சதவீதம் இருந்தால் 100 ப்ரூஃப். அதற்கு 25 டிகிரி கீழே இருப்பது 42.8.

இப்போது கண்ணாடி ஆல்கஹால் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் வாங்கி வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். அந்தக் கருவி 20 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிடப்பட்டது. சூடு ஏறினால் திரவம் லேசாகும், கருவி அமிழும், அளவு கூடக் காட்டும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். காரைக்குடியில் 35 டிகிரி வெயிலில் வைத்த, 37 சதவீதத்துக்கு இறங்கிய கலப்புச் சரக்கு அந்தக் கருவியில் கிட்டத்தட்ட 42.8 என்று காட்டிவிடும்! வெயிலே திருடனுக்குச் சாட்சி சொல்கிற மாதிரி. மெத்தனால் விஷயத்தில் அது இன்னும் பயனற்றது. இரண்டு ஆல்கஹாலின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், மிதவைக்கு வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில் நாங்கள் சரக்கை முதலில் காய்ச்சி வடித்து, சர்க்கரையையும் நிறத்தையும் பிரித்துவிட்டு, அப்புறம்தான் அளப்போம். மெத்தனாலுக்குக் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி தனியாக ஓட வேண்டும். வீட்டில் ஆகிற காரியம் இல்லை.

அதனால்தான் மூடியைப் பாருங்கள் என்று சொல்கிறேன். நல்ல பாட்டிலின் மூடியைத் திருகும்போது அடி வளையம் கடகடவென்று பிரிந்து கழுத்திலேயே தங்கும். வளையத்தோடு மூடி முழுசாகச் சுற்றினால் அது ஏற்கெனவே கழற்றி மாட்டியது. மூடிக்கு மேலே ஒட்டும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழியாமல், ஓரம் தூக்காமல், பசை படியாமல் இருக்க வேண்டும். விலை கூடிய சில பாட்டில்களின் வாயில் ஒரு கோலி அடைப்பு இருக்கும். வெளியே ஊற்ற விடும், உள்ளே ஊற்ற விடாது. அதைக் கட்டாயமாக எல்லாப் பாட்டிலுக்கும் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சட்டத்துக்கு வருவோம். தண்ணீர் விஷம் இல்லை. இந்த ஒரு காரணத்தால் நமக்கு முதலில் தோன்றும் சட்டங்கள் எல்லாம் கொஞ்சம் நழுவுகின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 274-வது பிரிவு உணவிலும் பானத்திலும் கலப்படம் செய்வதைத் தண்டிக்கிறது, ஆனால் அந்தக் கலப்படம் உடலுக்குத் தீங்கானதாக இருக்க வேண்டும் என்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 90-வது பிரிவில் கலப்படத்துக்குச் சிறை வரை வைத்திருக்கிறது. அங்கேயும் கலப்படப் பொருள் என்றால் சரக்கைப் பாதுகாப்பற்றதாக ஆக்கும் பொருள். சுத்தமான தண்ணீர் ஊற்றினேன் என்று ஒரு வக்கீல் வாதாட இடம் இருக்கிறது.

ஆனால் வாதாட முடியாத இடங்களும் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன்படி மதுவும் உணவுதான், வரையறையிலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதன் கீழ் 2018-ல் வந்த மதுபான ஒழுங்குமுறைகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் 36-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆஃப் பாட்டிலில் 75 மில்லி தண்ணீர் ஊற்றினால் 34 ஆகிவிடுகிறதே, அது நேராகத் தரம் குறைந்த உணவு. 51-வது பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். 36-க்கு மேலே நிற்கும்படி சாமர்த்தியமாகக் கலந்தாலும் லேபிளில் 42.8 என்று இருக்கிறது, அந்த லேபிள் பொய்யாகிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்துப் பணம் வாங்குவது ஏமாற்று, நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. விலை உயர்ந்த பிராண்டு பாட்டிலில் மலிவுச் சரக்கை ஊற்றினால் அது போலிப் பொருள், வணிகச் சின்னச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம்விட உங்கள் விஷயத்துக்குப் பொருத்தமான சட்டம் ஒன்று இருக்கிறது. பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இன்றைக்கும் அடிப்படைச் சட்டம் 1937-ன் மதுவிலக்குச் சட்டம்தான். ராஜாஜி முதலில் சேலத்தில் கொண்டுவந்த அதே சட்டம். மது கூடாது என்பதுதான் பொதுவிதி, கடையும் உரிமமும் அதில் கொடுக்கப்பட்ட சலுகை. அந்தச் சலுகைக்கு வெளியே யார் சரக்கு விற்றாலும் விற்பதே குற்றம். சப்ளையர் உள்ளே அடுக்கி வைத்ததிலிருந்து எடுத்து வந்தார் என்றால், உங்களுக்கு அந்தப் பார் சரக்கு விற்றிருக்கிறது. உள்ளே தண்ணீர் இருந்ததா, எத்தனை சதவீதம், ஆய்வு அறிக்கை எங்கே என்று எதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கடையில் வாங்காத பாட்டிலைப் பணம் வாங்கிக்கொண்டு மேஜையில் வைத்ததோடு குற்றம் முடிந்துவிட்டது. தொடர்ந்து இதைச் செய்கிறவர்கள் மேல் 1982-ன் தடுப்புக் காவல் சட்டமும் பாயும். நம் ஊரில் குண்டர் சட்டம் என்கிறோமே, அதில் முதலிலேயே கள்ளச்சாராயக்காரர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிரிழப்பு நேர்ந்தால் இப்போது ஆயுள் தண்டனை வரை போகும், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

நட்சத்திர ஹோட்டல், மனமகிழ் மன்றம் என்றால் நிலைமை வேறு. அவர்களுக்கு விற்கும் உரிமம் உண்டு, பெக் கணக்கில் ஊற்றித் தரலாம். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. பாட்டிலை மேஜைக்குக் கொண்டுவந்து உங்கள் கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும் அளவுக் குவளை முத்திரை குத்திய 30 அல்லது 60 மில்லிதானா என்று பாருங்கள். அளவு குறைந்தால் அது எடையளவுச் சட்டம், தொழிலாளர் துறைக்குப் புகார் போகும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள், நாம்தான் கௌரவம் பார்த்துப் பேசாமல் இருக்கிறோம்.

அமெரிக்காவில் இதற்கு நேரடியான ஒரு விதி இருக்கிறது. முத்திரையோடு வந்த மதுப் பாட்டிலில் மறுபடி எதையும் ஊற்றக் கூடாது, தண்ணீரானாலும் சரி. தீங்கா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. 2013 மே மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரே நாளில் 29 பார்களில் புகுந்து திறந்த பாட்டில்களைக் கைப்பற்றினார்கள். ஒரு இடத்தில் காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட்டில் நிறம் சேர்த்து ஸ்காட்ச் என்று விற்றிருக்கிறார்கள். தண்ணீரில் தொடங்குகிற கை தண்ணீரோடு நிற்பதில்லை என்பதற்கு இது எனக்குப் போதும். நமக்கும் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2023 மே மாதம் தஞ்சாவூரில், கடை திறப்பதற்கு முன்பே ஒரு பாரில் வாங்கிக் குடித்த இருவர் இறந்தார்கள். ஆய்வில் தெரிந்தது சயனைடு. அது எப்படி அதற்குள் வந்தது என்பது காவல்துறை வேலை. சீல் போட்ட பாட்டிலாக இருந்திருந்தால் வந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

சகஜம்தானே என்று கேட்டீர்கள். என் சித்தப்பா மகன் ஒருவன், என்னைவிட எட்டு வயது இளையவன். ஒரே பாரில் பல வருடம் குடித்தவன். தன்னுடைய அளவு இரண்டு குவார்ட்டர் என்பான், அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்பான். அங்கே கொடுத்தது எத்தனை சதவீதம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் சீல் உடையாத நல்ல சரக்கு கொண்டுவந்தார்கள். அதே இரண்டு குவார்ட்டர் அளவு குடித்தான், அதே மாதிரி வண்டியை எடுத்தான். திருப்பத்தூர் சாலையில் ஒரு பாலத்துச் சுவரில் மோதி வலது முழங்கால் போனது. குடித்துவிட்டு வண்டி எடுத்தது அவன் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவனுடைய அளவைப் பல வருடமாகப் பொய்யாக்கி வைத்திருந்தது அந்தப் பார். இன்றும் அவன் கோவில் படி ஏறும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும். தண்ணீர்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வருகிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581. பார் பெயர், இடம், தேதி, நேரம், திறந்த பாட்டில் கொண்டுவந்தார்கள் என்ற விவரம், இவ்வளவு போதும். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் கலால் உதவி ஆணையருக்கு ஒரு மனுவும், டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு ஒரு நகலும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் சாதாரண வாடிக்கையாளரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். வாங்கும்போதே அனுப்பப் போகிறேன் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், குறை தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாரில் நின்றுகொண்டு அதைச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து எடுத்தால் மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைப்பார், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். வழக்கு நிற்க வேண்டுமானால் அந்த வழிதான் நல்லது.

ஒன்று மட்டும் அவசரம். உங்கள் நால்வரில் யாருக்காவது கண் மங்கல், பனி மூடியது போன்ற பார்வை, கடுமையான வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத்தான் தாக்கும். அறிகுறி அரை நாள், ஒரு நாள் கழித்துக்கூட வரும். நேரத்தில் போனால் மருந்து இருக்கிறது.

அப்புறம் அந்தக் காலி பாட்டில்கள். நீலகிரியில் 2022-ல் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்த திட்டத்தில், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். மலையில் கண்ணாடிச் சில்லு யானைக் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் சொன்னதால் வந்த திட்டம் அது. ஆனால் கலக்கிறவனுக்கும் அதில் ஒரு அடி விழுகிறது. லேபிளோடும் மூடியோடும் கீறல் இல்லாத காலி பாட்டில் கிடைக்காவிட்டால் அவன் எதில் ஊற்றுவான்? அன்று இரவு அந்த இரண்டு ஆஃப் பாட்டில்களையும் மேஜையிலேயே விட்டுவிட்டுத்தானே எழுந்து வந்திருப்பீர்கள். அடுத்த முறை லேபிளைக் குறுக்கே கிழித்து, மூடியைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டு எழுந்திருங்கள்.